பொருள்: பழைய கார்களின் ‘சர்வீஸ் ஸ்டிக்கர்’: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

தேக்காவாசி:
அனைவருக்கும் வணக்கம். பழங்கார் கண்காட்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கதவு நிலையிலும் எஞ்சின் அறையிலும் ஒட்டியிருந்த பழைய சர்வீஸ் ஸ்டிக்கர்களைத் திரும்பச் செய்யும் முறைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் வரைவில் ‘சேவை ஒட்டி’ என்று இருக்கிறது. எண்ணெய் மாற்றுவது சேவையா? மூன்று சொல் தேவை: சர்வீஸ் ஸ்டிக்கர், தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் டெக்கல், மூலத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்தது.

பூன்லே ஆசிரியை:
சேவை வேண்டவே வேண்டாம். பராமரிப்பும் வடமொழி வழி வந்ததுதான். ‘பேணல்’ நம்மிடம் இருக்கிறது: பேணற்சீட்டு. எளிமை வேண்டுமென்றால் ஒட்டுச்சீட்டு. இதில் ‘ஒட்டு’ பெயர்ச்சொல், அதனால் ச் மிகும். வினைத்தொகை என்றால்தான் சுடுசோறு, ஊறுகாய் போல மிகாது.
‘பழங்கார்’ என்பதையும் பாருங்கள். கார் என்றால் மேகம், பருவம், நெல். பழங்கார் என்றால் பழைய நெல் என்றாகிவிடும். தொன்மகிழுந்து எனலாம்.

அச்சுக்கூடத்தான்:
அக்கா, எட்டுப் புள்ளி எழுத்தில் ‘ஒட்டுச்சீட்டு’ என்று அடித்தால் ‘ஓட்டுச்சீட்டு’ என்றுதான் கண்ணில் படும். தேர்தல் நினைவுக்கு வந்துவிடும்.
தவிர, சீட்டு என்றால் தாள். எஞ்சின் அறையில் தாள் எண்ணெயைக் குடித்துக் கருத்துவிடும். சாதாரண வினைல் சூட்டில் சுருங்கி, ஓரத்தில் பசைக்கோடு தெரியும். அங்கே 50 மைக்ரான் பாலியெஸ்டர், நிரந்தர அக்ரிலிக் பசை, ஸ்கிரீன் அச்சு. கதவு நிலைக்குத் தாள் சரி, ஏனென்றால் அடுத்த எண்ணெய் மாற்றத்தின் மைலைப் பேனாவால் எழுத வேண்டும். பளபள லாமினேஷன் போட்டால் மை பிடிக்காது. இரண்டுக்கும் பொருந்துவது ‘ஒட்டுவில்லை’.

பூன்லே ஆசிரியை:
வில்லை என்றால் வட்டம். இவை நாற்கோணம்.

தேக்காவாசி:
அஞ்சல்வில்லையும் நாற்கோணம்தானே, டீச்சர்.

மோரிஸ்காரன்:
பட்டறையில் ‘ஸ்டிக்கர்’ என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படியே விடலாமே. எனக்கு மூன்றாவது சொல்தான் முக்கியம். அதை ‘நகல்’ என்று போட்டால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுவார்கள்.
மூலத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்ய வேண்டும். மென்பொருளே கோடு வரையும் தானியங்கி டிரேஸ் எழுத்து முனைகளை மழுக்கிவிடும். கோடுகளைக் கையால் வரையுங்கள். வெளிறிய முகப்பிலிருந்து நிறம் எடுக்காதீர்கள். குழாயோ கம்பியோ மறைத்திருந்த இடத்தில்தான் உண்மை நிறம் தங்கியிருக்கும்.
பட்டறை முகவரியும் காலத்துக்குப் பொருந்த வேண்டும். சிங்கப்பூரில் 1979 வரை இரண்டு இலக்கத்துக்கு மேற்படாத அஞ்சல் வட்டார எண், பிறகு நான்கு இலக்கம், 1995 முதல் ஆறு. கடைத் தொலைபேசிக்கு 2002இல்தான் எட்டு இலக்கம் வந்தது. 1962 மோரிஸ் மைனர் காரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்த ஒட்டு பொய். டயர் அழுத்தம் 24 பவுண்டு என்றிருந்தால் 165 கிலோபாஸ்கல் ஆக்கக்கூடாது. இத்தனையும் அடங்கும் சொல் எது?

பூன்லே ஆசிரியை:
படி. ஏட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுவதைப் படியெடுத்தல் என்றுதானே சொன்னோம்? ‘மீள்படி’ என்று வையுங்கள்.
ஸ்டிக்கரை மட்டும் ஏற்க மாட்டேன். தொல்காப்பியர் வடசொல்லுக்கே வட எழுத்தை விலக்கச் சொன்னார். அந்த நெறியில் ‘இசுட்டிக்கர்’ என்று எழுத வேண்டும். அதை யார் படிப்பார்கள்? அதனால்தான் தமிழ்ச்சொல் கேட்கிறேன்.

மோரிஸ்காரன்:
மீள்படிக்கு என் ஓட்டு.

அச்சுக்கூடத்தான்:
எனக்கும் சம்மதம். டெக்கலுக்கு ‘நீர்நழுவுப் படம்’ என்று போடலாமா? செய்முறையே பெயரில் இருக்கிறது: வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம், தாளிலிருந்து தானாக நழுவும்வரை இழுக்கக்கூடாது, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ள வேண்டும். இங்க்ஜெட்டில் அடித்தால் ஊறவைக்கும் முன்பே தெளிந்த லாக்கர் (வார்னிஷ் போன்றது) இரண்டு மூன்று மெல்லிய பூச்சு அவசியம், இல்லாவிட்டால் மை கரையும். சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. கறுப்புப் பரப்பில் மஞ்சள் எழுத்து காணாமல் போகும், வெள்ளை அடித்தளம் தனியாக வேண்டும்.

பூன்லே ஆசிரியை:
ப் கூடாது. நழுவிய, நழுவுகிற, நழுவும் படம்: வினைத்தொகை. ‘நீர்நழுவு படம்’. ‘வழுக்கு’ என்று போகாதது நல்லது. அதில் ‘வழு’, அதாவது பிழை, ஒட்டிக்கொண்டு வரும்.

தேக்காவாசி:
நேரமாகிவிட்டது. பராமரிப்பு ஒட்டுவில்லை (முதல் இடத்தில் மட்டும் ‘சர்வீஸ் ஸ்டிக்கர்’ என்று அடைப்பில்), நீர்நழுவு படம், மீள்படி. பழங்கார் அப்படியே இருக்கட்டும். பேணலுக்கு ஒரே ஓட்டுதான் விழுந்தது, டீச்சர் மன்னிக்கவும்.

பூன்லே ஆசிரியை:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். பராமரிப்பை ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும்.

மோரிஸ்காரன்:
எனக்கும் ஒரு மறுப்பு. ‘நழுவு’ என்று பெயர் வைத்தால் வாங்குபவர் ஒட்டாத சரக்கு என்று நினைப்பார். அது நழுவுவது அரை நிமிடம், ஒட்டியிருப்பது பல ஆண்டு. ‘நீரொட்டி’ என்பதை அடுத்த பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.