லினக்ஸ் அல்லாத ஓர் இயங்குதளம் கற்க: ஃப்ரீபிஎஸ்டியா, ஓபன்பிஎஸ்டியா, ஹைக்குவா? மெய்நிகர் இயந்திரம் போதுமா?

மாலைநேர மாணவன் (வினா)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக டெபியன் லினக்ஸையே அலுவலக வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பயன்படுத்தி வருகிறேன். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இருந்தாலும், கணினி தொடங்குவது முதல் வலையில் இணைவது வரை ஓர் இயங்குதளத்தின் உள்ளே நடப்பவற்றை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்ற ஆவல் வந்துவிட்டது. அதற்கு லினக்ஸ் அல்லாத இன்னொன்றில் கைவைத்துப் பார்ப்பதே நல்ல வழி என்று சிலர் சொல்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, ஹைக்கு ஆகிய மூன்றைப் பற்றியும் ஓரளவு படித்தேன். எதில் தொடங்குவது என்று முடிவு செய்ய இயலவில்லை.

என்னிடம் இருப்பது இன்டெல் செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட ஒரே மடிக்கணினி. அதில் இருப்பதை அழிக்க முடியாது என்பதால் கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் இயந்திரத்தை, உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் ஃப்ரீபிஎஸ்டியை நிறுவினேன். மறுதொடக்கம் ஆனதும் மறுபடியும் நிறுவல் திரையே வந்து நின்றது. அதற்கிடையில் டெபியனை 13ஆம் பதிப்புக்கு உயர்த்தினேன். அதன் பிறகு மெய்நிகர் இயந்திரம் தொடங்கவே மறுக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களுக்கென்று செயலியில் இருக்கும் விடி-எக்ஸ் வசதியை வேறொரு ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) பிடித்து வைத்திருப்பதாகப் பிழைச்செய்தி வருகிறது. நான் அப்படி எதையும் நிறுவவில்லையே? இந்த இரண்டுக்கும் தீர்வு சொல்வதோடு, எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பழுதுநீக்கி

முதலில் பழுதைப் பார்த்துவிடுவோம். நிறுவல் திரை திரும்ப வந்ததற்குக் காரணம், நிறுவலுக்குரிய ஐஎஸ்ஓ கோப்பு மெய்நிகர் குறுவட்டு இயக்ககத்தில் அப்படியே இருந்ததுதான். தொடக்க வரிசையில் குறுவட்டு வன்தட்டுக்கு முன்னால் நிற்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, அமைப்புகளில் சேமிப்பகம் என்னும் பகுதிக்குச் சென்று அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். நீங்கள் நிறுவியது வன்தட்டுக் கோப்பில் பத்திரமாகவே இருக்கும்.

இரண்டாவது, டெபியன் 13உடன் வருகிற 6.12 கெர்னலால் (இயங்குதளத்தின் மையக்கருவால்) நேர்வது. லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம் என்பது தனியாக நிறுவ வேண்டிய மென்பொருள் அன்று. 2007இல் வெளிவந்த 2.6.20 முதலே அது லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதி. செயலியில் வசதி இருப்பதைக் கண்டால் அதன் தொகுதி (கெர்னலோடு சேரும் நிரல்துண்டு) தானாகவே ஏறிக்கொள்ளும். முன்பெல்லாம் ஏறினாலும், யாராவது கேவிஎம் இயந்திரம் ஒன்றைத் தொடங்கும் வரை விடி-எக்ஸைத் தொடாமல் சும்மா இருந்தது. 6.12 முதல் ஏறிய உடனேயே அதைத் தன் வசம் எடுத்துக்கொள்வது இயல்பு அமைப்பாகிவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸோ தன் சொந்தத் தொகுதியின் வழியாக அதே வசதியைக் கேட்கிறது, கிடைக்காததால் நின்றுவிடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸைத் திறக்கும் முன் கேவிஎம் இன்டெல் தொகுதியை ரூட் (நிர்வாகி) உரிமையோடு இறக்கிவிட்டால் போதும். அல்லது 'ஏறும்போதே பிடிக்காதே' என்று பொருள்படும் அளவுருவைக் கெர்னலின் தொடக்க வரியில் நிரந்தரமாகச் சேர்க்கலாம்.

ஆனால் என் பரிந்துரை வேறு. நீங்கள் லினக்ஸில் இருக்கிறீர்கள். கையில் ஏற்கெனவே இருக்கிற கேவிஎம்மையே பயன்படுத்துங்கள். வர்ட்-மேனேஜர் என்னும் வரைகலை நிரலை டெபியனின் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம். கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வெளித் தொகுதியை மீண்டும் தொகுக்கும் தொல்லை இராது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே கருவி வேண்டும் என்பவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் இன்றும் நல்ல தேர்வுதான். 8 ஜிபியில் உள்ளே ஓடும் தளத்துக்கு 2 ஜிபிக்கு மேல் கொடுக்க வேண்டாம். வெளியே ஓர் உலாவி திறந்திருந்தாலே மீதி தீர்ந்துவிடும்.

கட்டளைவரி

தேர்வைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் நோக்கம் உள்ளமைப்பைக் கற்பது என்பதால் ஃப்ரீபிஎஸ்டியையே தொடருங்கள். லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கெர்னல் மட்டுமே. சி நூலகம் ஓரிடத்திலிருந்தும், அடிப்படைக் கட்டளைகள் இன்னோரிடத்திலிருந்தும், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி வேறோரிடத்திலிருந்தும் வர, அவற்றைச் சேர்த்துக் கட்டுவது டெபியன் போன்ற வழங்கல்களின் வேலை. 1993இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னலும் நூலகங்களும் அடிப்படைக் கட்டளைகளும் ஒரே மூலநிரல் மரத்தில், ஒரே திட்டத்தாரால் பராமரிக்கப்படுகின்றன. நீங்கள் தனியாக நிறுவுகிற நிரல்கள் அனைத்தும் யூஎஸ்ஆர் அடைவுக்குள் லோக்கல் என்ற தனி அடைவில் போய் உட்காரும். தளம் எது, பிறகு சேர்த்தது எது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. கற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது சில வாரங்களில் புரியும்.

கணினி தொடங்கும்போது எவை எவை ஓட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஆர்சி.கான்ஃப் என்னும் ஒரே கோப்பு சொல்லிவிடும். கணினியின் பெயர், வலை இணைப்பு, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான். அதில் ஒரு வரியை மாற்றுங்கள், மறுதொடக்கம் செய்யுங்கள், என்ன மாறியது என்று பாருங்கள். நிறுவல் முடிந்து டெஸ்க்டாப் படம் வந்ததோடு நின்றுவிடும் காணொளிகளே இணையத்தில் மிகுதி. அவற்றைப் பின்பற்றினால் நிறுவத்தான் தெரிந்திருக்கும். வரைகலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திட்டத்தாரே வெளியிடும் ஹேண்ட்புக்கை வரிசையாகப் படித்து, ஒவ்வோர் இயலையும் மெய்நிகர் இயந்திரத்தில் செய்து பாருங்கள்.

அடுத்த படியாக ஜெயில்களைத் தொடுங்கள். ஒரே கெர்னலின் மேல் தனித்தனி அறைகளாகச் சேவைகளை அடைத்து வைக்கும் இந்த ஏற்பாடு 2000இல் வந்த 4.0 பதிப்பிலேயே இருந்தது. இதே போல் நிரல்களைக் கன்டெய்னர் என்னும் அறைகளில் அடைக்கும் டாக்கர் வெளியானது 2013இல். மெய்நிகர் இயந்திரத்துக்கும் கன்டெய்னருக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை கட்டுரை படித்தாலும், ஒரு ஜெயிலைக் கையால் கட்டிப் பார்ப்பது போல் ஆகாது.

நெய்தல்வாசி

கட்டளைவரி அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை முழுவதுமாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சிறியதில் தொடங்குவதே முறை என்பது என் கருத்து. அதனால் ஓபன்பிஎஸ்டிக்கு என் வாக்கு. அதன் நிறுவி வெறும் எழுத்துகளில் கேள்வி கேட்கும். பொருத்தமான விடை சதுர அடைப்புக்குள் தயாராக இருக்கும். பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் விசையைத் தட்டினால் போதும். முதல் முறை உள்ளே நுழைந்தவுடன் ஆஃப்டர்பூட் என்ற கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால், புதிதாக நிறுவிய கணினியில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அது வரிசையாகச் சொல்கிறது. அத்தளத்தின் கையேட்டுப் பக்கங்களைப் போலத் திருத்தமாக எழுதப்பட்டவற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாம் தினமும் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச் அந்தத் திட்டத்தில் 1999இல் பிறந்ததுதான். புளூடூத் வேண்டுமென்று மட்டும் கேட்காதீர்கள். பராமரிக்க ஆளில்லாத அந்த நிரலை 2014இலேயே வெட்டி எறிந்துவிட்டார்கள்.

ஹைக்கு வேறு வகை. அது யூனிக்ஸின் வழிவந்ததே அன்று. 2001இல் பிஓஎஸ் என்னும் இயங்குதளம் கைவிடப்பட்டபோது அதன் ரசிகர்கள் புதிதாக எழுதத் தொடங்கியது. இன்னும் பீட்டா நிலையில் இருக்கிறது; எல்லாமே ஒரே பயனரின் முழு உரிமையில் ஓடுவதால் வங்கி வேலைக்கு உகந்ததன்று. ஆனால் சன்னல்களின் மஞ்சள் தாவல்களை ஒன்றோடொன்று பிணைத்து நகர்த்துவதும், கோப்புகளின் பண்புகளைத் தரவுத்தளம் போலத் தேடுவதும் ஒரு மாலைப்பொழுதுக்கு நல்ல விருந்து. மெய்நிகர் இயந்திரத்தில் நொடிகளில் தொடங்கிவிடும். நிறுவாமலே பார்த்துவிடலாம்.

மாலைநேர மாணவன்

விளக்கமான விடைகளுக்கு நன்றி. ஃப்ரீபிஎஸ்டியையே தொடர்வதென்று முடிவு செய்தேன், ஓபன்பிஎஸ்டி அதற்கடுத்து. வர்ட்-மேனேஜருக்கு மாறி, பழைய வன்தட்டுக் கோப்பைக் கேவிஎம்மில் பயன்படும் கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றித் தொடங்கினேன். கெர்னல் ஏறுகிறது, அதற்குப் பிறகு மவுன்ட்ரூட் என்று எழுதிக் காத்து நிற்கிறது. கோப்பு சிதைந்துவிட்டதா? இன்னொன்று: இதெல்லாம் கைவந்த பின், பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி அதில் நேரடியாக நிறுவ எண்ணுகிறேன். மெய்நிகர் இயந்திரத்தில் வலை இணைப்பு தடையின்றி வேலை செய்தால் அதிலும் வைஃபை வேலை செய்யும் என்று நம்பலாமா?

பழுதுநீக்கி

கோப்பு சிதையவில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் உங்கள் வன்தட்டின் பெயர் ஏடிஏ0. கேவிஎம்மில் விர்டியோ என்னும் மெய்நிகர் வகை வட்டாக இணைத்ததால் அதே வட்டு இப்போது விடிபிடி0 ஆகிவிட்டது. எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரே எழுதியிருப்பதால் ரூட் பகிர்வு எங்கே என்று கெர்னலுக்குத் தெரியவில்லை. நீங்கள் யூஎஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இசட்எஃப்எஸ் என்னும் இன்னொரு கோப்பு முறை என்றால் வட்டின் பெயரைப் பார்க்காமல் தானே கண்டுபிடித்திருக்கும். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைத் தட்டினால் இருக்கும் பகிர்வுகளைக் காட்டும். யூஎஃப்எஸ் என்ற சொல், முக்காற்புள்ளி, பகிர்வின் முழுப்பாதை என்ற வரிசையில் எழுதி என்டர் தட்டுங்கள். உள்ளே சென்றதும் எஃப்எஸ்டேப்பில் ரூட், ஸ்வாப் ஆகிய இரண்டு வரிகளையும் திருத்துங்கள். அத்தோடு முடியாது: வலை அட்டையின் பெயரும் ஈஎம்0 என்பதிலிருந்து விடிநெட்0 என்று மாறியிருக்கும், ஆர்சி.கான்ஃபில் அந்த வரியையும் மாற்றினால்தான் இணைப்பு வரும். இவ்வளவும் வேண்டாம் என்றால் வர்ட்-மேனேஜரில் வட்டைச் சாட்டா வகையாகவும் வலை அட்டையை இ1000 வகையாகவும் மாற்றிவிடலாம். ஆனால் கற்க வந்தவர் கையால் திருத்துவதே நல்லது. திருத்தும் முன் இயந்திரத்தின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை பற்றி நம்ப முடியாது. உள்ளே ஓடும் ஃப்ரீபிஎஸ்டிக்கு உங்கள் வைஃபை அட்டை கண்ணிலேயே படுவதில்லை. அது காண்பது மென்பொருளால் உருவாக்கிய ஒரு கம்பிவழி அட்டையை மட்டும். வைஃபையோடு பேசும் வேலை முழுவதும் வெளியே டெபியன் செய்கிறது. திரை அட்டை, மூடியைச் சாத்தியதும் உறங்கி எழுவது, ஒலி, மின்கலம் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். பலர் மெய்நிகர் இயந்திரத்தில் எல்லாம் ஓடுகிறதே என்று துணிந்து நிறுவிவிட்டுப் பிறகு வருந்துவது இதனால்தான்.

பிஎஸ்டிகளில் வைஃபை நெடுங்காலமாகவே இழுபறி. அதற்குச் சிலர் கண்ட வழி வேடிக்கையானது: வைஃபைபாக்ஸ் என்னும் தொகுப்பு, ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த ஹைப்பர்வைசரான பீஹைவில் ஒரு சிறிய லினக்ஸை ஓடவிட்டு, வைஃபை அட்டையை நேரே அதன் கையில் கொடுத்து, இணைப்பை வாங்கிக்கொள்கிறது. இதற்குச் செயலியில், சாதனத்தை மெய்நிகர் இயந்திரத்திடம் நேரே ஒப்படைக்க உதவும் விடி-டி வசதி வேண்டும். மிகப் பழைய கணினிகளில் அது இல்லாமல் போகலாம்.

ஆகவே வாங்குவதற்கு முன் கோஸ்ட்பிஎஸ்டியை ஒரு பென்டிரைவில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அது ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டது. நிறுவாமலே டெஸ்க்டாப் வரை வரும். முனையத்தைத் திறந்து பிசிஐகான்ஃப் கட்டளையை எல், வி என்ற இரண்டு விருப்பங்களோடு இடுங்கள். இயக்கி (சாதனத்தை இயக்கும் நிரல்) கிடைத்த சாதனங்கள் அந்த இயக்கியின் பெயரோடு தொடங்கும். கிடைக்காதவை நன் என்ற சொல்லோடும் ஓர் எண்ணோடும் தொடங்கும். வைஃபை அட்டை நன் வரிசையில் இருந்தால் அந்த நாலைந்து வரிகளை அப்படியே இங்கே ஒட்டுங்கள். அதற்கு இயக்கி உண்டா, வைஃபைபாக்ஸ் போதுமா, யூஎஸ்பி அட்டை வாங்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.