டெஸ்க்டாப் என்விரான்மென்ட்: மேசைச்சூழல் போதுமா?

> ஒரே லினக்ஸ் கணினியில் க்னோம், கேடிஈ என்ற இரு டெஸ்க்டாப் என்விரான்மென்ட்களையும் நிறுவும் கையேட்டுக்கு "பல பணிமேடைகள்" என்று தலைப்பு வைக்கலாமா?

வணக்கம்,

வேண்டாம் என்பேன். கேடிஈ பழகியவர் அதைப் படித்தால் மெய்நிகர் பணிமேடைகளைத்தான் நினைப்பார்: ஒன்றில் உலாவி, இன்னொன்றில் அஞ்சல் என்று ஒரே சூழலுக்குள் தாவுவது. கையேடு சொல்வது வேறு. க்னோம், கேடிஈயின் பிளாஸ்மா இரண்டும் வட்டில் இருக்கும். பயனர் நுழையும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பலகம், சாளர மேலாளர், கோப்பு மேலாளர், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த அந்தத் தொகுப்புக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

"பணிச்சூழல்" காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அலுவலக நிலைமையைச் சொல்ல அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. "உங்கள் பணிச்சூழலை மாற்றுங்கள்" என்று திரையில் வந்தால் சிலர் ராஜினாமா கடிதமே எழுதிவிடுவார்கள்! என் வாக்கு "மேசைச்சூழல்". மேசைக்கணினி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

ஆனால் நுழைவுத்திரையில் அந்தச் சொல்லைப் போட வேண்டாம். அங்கே பட்டியலில் வருபவை அமர்வுகள். பிளாஸ்மா ஒன்றே, திரையில் சாளரங்களைக் காட்டும் வேலண்ட், எக்ஸ்11 என்ற இரு முறைகளுக்கேற்ப இரண்டு அமர்வுகளாக வரலாம். "அமர்வைத் தேர்ந்தெடு" என்பதே சரி.

அப்புறம் டிஸ்பிளே மேனேஜர். "காட்சி மேலாளர்" என்றால் திரையின் அளவு, தெளிவு மாற்றும் இடம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஜிடிஎம், எஸ்டிடிஎம் என்ற டிஸ்பிளே மேனேஜர்கள் இரண்டும் நுழைவுத்திரையில் பயனரைச் சரிபார்த்து அமர்வைத் தொடங்கி வைப்பவை. டெபியன் லினக்ஸில் இரண்டாவது ஒன்றை நிறுவினால், இனி எதை இயல்பாக வைக்கலாம் என்று நடுவில் நிறுத்திக் கேட்கும். புதியவர் திகைப்பது அங்கேதான். "நுழைவு மேலாளர்" என்றிருந்தால் கேள்வியாவது புரியும்.

சொல்லோடு தொடர்பில்லாத ஒன்று: எல்லா மேசைச்சூழல்களும் பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஒரே ஹோம் அடைவைத்தான் பகிர்கின்றன என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பிளாஸ்மாவில் மாற்றிய எழுத்துருவும் சுட்டியின் தோற்றமும் க்னோம் செயலிகள் பயன்படுத்தும் ஜிடிகே நிரலகத்தின் அமைப்புகளிலும் பதிவாகி, க்னோமுக்குள் தலைகாட்டலாம். சோதித்துப் பார்ப்பவர்கள் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். குறிப்பாக "நுழைவு மேலாளர்" பற்றி. கடவுச்சொல் மேலாளரோடு குழம்புமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.