அம்மாவின் தூக்கத்துக்கு ஒளி சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. டிமென்ஷியா (மறதி நோய்) இல்லை, அதற்கு முந்தைய லேசான அறிவாற்றல் குறைபாடு என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். சமையல், பூஜை எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். தூக்கம்தான் கெட்டுவிட்டது. நடுராத்திரியில் அடுப்படி விளக்கைப் போட்டு, "பால்காரர் வந்தாச்சா?" என்று கேட்கிறார். பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுகிறார்.

தூக்க மாத்திரைக்கு எனக்குப் பயம். இந்த வயதில் சில மாத்திரைகள் தடுமாறி விழவைக்கும், மறதியையும் கூட்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடல் கடிகாரம் சீராகும் என்பதால், வாசலில் உட்காரவைக்கப் பார்த்தேன். மூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், வீட்டுக்குள் சில நூறுதான். ஆனால் இந்த மழையிலும் குளிரிலும் அவரை எப்படி வெளியே உட்காரவைப்பது? அதனால்தான் 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கை யோசிக்கிறேன். காலையில் அரை மணி நேரம் அதன் முன் உட்கார வேண்டுமாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் பயன்படுத்தியவர்கள் உண்டா? புற ஊதாக் கதிர் வராத விளக்கு என்று எப்படி உறுதி செய்வது? அம்மாவுக்குக் கண்புரை அறுவை ஆகியிருக்கிறது, கண் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? அப்புறம், ஊட்டி, குன்னூர், கோவை பக்கம் முதியோர் தூக்கப் பிரச்சினையைப் பொறுமையாகக் கேட்கும் மருத்துவர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.