கோமாளி மீன், கடல் சாமந்தி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சத்துவாச்சாரி மீன்தொட்டி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடல் சாமந்தி பூ இல்லை, தொட்டால் கொட்டும் விரல்கள் கொண்ட கடல் பிராணி. கொளத்தூரில் வாங்கிய கார்ப்பெட் வகைக் கடல் சாமந்தி தொட்டியில் நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகுதான் கோமாளியை விட்டேன். முதலில் வாலை மட்டும் உரசிப் பார்த்தது. சுள்ளென்று பட்டிருக்க வேண்டும், துள்ளி ஓடியது. மறுபடி வந்து வயிற்றைத் தேய்த்தது. சாயங்காலம் பார்த்தால் உள்ளேயே புரண்டுகொண்டிருக்கிறது. அன்று ராத்திரியே ஒரு நீல டாம்செல் மீன், துரத்தலில் தப்பி ஓடும்போது அதன்மேல் பட்டுவிட்டது. அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு துடிப்பு, அப்புறம் அசைவில்லை. சாமந்தி மெல்ல மடிந்து நடுவில் இருக்கும் வாய்க்கு அதைக் கொண்டுபோனது. வால் மட்டும் வெளியே. பக்கத்திலேயே கோமாளி ஜாலியாக நீந்துகிறது. அந்த வால் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
உரசி உரசித்தான் பழகும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சாமந்தியின் கொட்டும் செல்களைத் தூண்டும் சியாலிக் அமிலம் கோமாளியின் மேலிருக்கும் சளியில் ரொம்பக் குறைவு, அதனால் அந்தச் செல்கள் கிளம்புவதில்லை என்கிறார்கள். பழக்கமும் உண்டு, பிறவிக் குணமும் உண்டு, வகைக்கு வகை மாறும்.
என் கதை வேறு. ஜோடியில் பெரியது பெண். அதைக் கண்டாலே சின்னது உடம்பை நடுங்க வைத்துப் பணியும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய், தண்ணீர் சூடேறிப் பெண் செத்தது. சில மாதத்தில் அந்த நடுங்கிப்பயலே வளர்ந்து பெண்ணாகிவிட்டது. இப்போது கண்ணாடி துடைக்கக் கை விட்டால் கடிக்கிறது!

ராணிப்பேட்டை அண்ணன்:
மண்டபம் பக்கம் கடலில் இறங்கியபோது ஒரு ஜோடி என் முகக் கண்ணாடி வரை வந்து முட்டியது. விரல் நீளம்கூட இல்லை, என்ன தைரியம்! அவ்வளவுதான் என் கதை.
ஆனால் தொட்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்ம பக்கத்து போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், பக்கெட்டில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, அடர்த்தி 1.025 பக்கம் வையுங்கள். சாமந்திக்குள் பாசி வாழ்கிறது, அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் வெளிறிச் சுருங்கிவிடும். புதுத் தொட்டியில் அவசரப்பட்டு விடாதீர்கள், தண்ணீர் நிலைப்பட மாதக்கணக்கில் ஆகும். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் ஆசைப்படவே கூடாது, இன்வர்ட்டரும் கட்டாயம். இதெல்லாம் முடியாது என்றால் கோமாளியை மட்டும் வளருங்கள். தொட்டியில் அது சாமந்தி இல்லாமலே நன்றாக இருக்கும்.

ஆம்பூர்க்காரி:
அண்ணா, தண்ணீர் பற்றி இங்கே யார் கேட்டது?
நான் பார்த்தது சித்தப்பா வீட்டுத் தொட்டியில். இறால் துண்டு போட்டோம். கோமாளி அதைத் தின்னவில்லை. வாயில் கவ்விக்கொண்டு போய்ச் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே திணித்தது. ஒரு துண்டு நழுவி விழ, திரும்பப் பொறுக்கி வந்து அழுத்தி வைத்தது! "ஊட்டுது பாரு" என்றார் சித்தி. "பதுக்கி வைக்குது" என்றார் சித்தப்பா. மீன் கழிக்கும் அம்மோனியாவே சாமந்திக்குள் இருக்கும் பாசிக்கு உரம் என்று நான் படித்திருக்கிறேன், ஆனால் இப்படிக் கையில் கொடுப்பது போல எதற்கு? எனக்கென்னவோ சித்தப்பா பக்கம்தான் தோன்றுகிறது. ராணிப்பேட்டை அண்ணன் இதற்கும் ஒரு பத்தி எழுதுவார், தெரியும்.