பேனட் சுட்டது, ஆனாலும் வாங்கினேன்: எஞ்சின் கோளாறோடு பழைய கார் பார்த்த அனுபவங்கள்

கரூர் டீசல்:
2012 மாடல் டீசல் வண்டி, இரண்டாவது ஓனர், 92,000 கிலோமீட்டர். காலை ஆறரைக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின இரவே போனில் சொல்லியிருந்தேன். எஞ்சின் ஆறிக் கிடந்தால்தான் புகையும் சத்தமும் வெளியே வரும், சூடாக இருந்தால் மறைந்துவிடும். போனதும் பேனட்டில் கை வைத்தேன். கொதிக்கவில்லை, ஆனால் யாரோ படுத்து எழுந்த தலையணை மாதிரி ஒரு சூடு. "வெயில் சார்" என்றார் ஓனர். மார்கழி மாதம். வெயில் அவர் வாசலுக்கே இன்னும் வரவில்லை.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் என் மகள் பின் சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். 2,55,000-க்கு முடித்தேன். மறுநாள் காலை ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை எதிர்வீட்டுக் கோலம் வரை போனது. ஆயிலை மேலே ஏறவிடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் போயிருந்தது. எஞ்சினை இறக்கி ஏற்ற 74,000. பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்த "வெயில் சார்"தான் போக மாட்டேன் என்கிறது.

மலைவண்டி:
பேனட் சூட்டை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்க முடியாது. காலையில் பால் வாங்கப் போய் வந்திருக்கலாம். அப்படி அவசரப்பட்டு ஒரு நல்ல வண்டியை விட்டவன் நான். கொடைக்கானலில் ஒரு பெட்ரோல் கார். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக, மோர்க்குழம்பு ஒட்டின மாதிரி. எஞ்சினுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போச்சு, ரேடியேட்டர் தண்ணீரான கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லி, கொடுத்த டோக்கன் 5,000-ஐத் திருப்பி வாங்கினேன். அப்புறம் அதை வாங்கியது என் மச்சினன். மூன்று வருஷமாக ஆயில் மாற்றியதைத் தவிர செலவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அந்த வண்டியில்தான் வந்து இறங்குகிறார். இறங்கியதும் என்னைப் பார்த்துக்கொண்டே பேனட்டைத் தட்டுகிறார்.

பட்டறை அண்ணன்:
மலைவண்டி தம்பி, குளிரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே ஈரம் வேர்த்து மூடியில் அப்படித்தான் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பி, அந்த டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தீர்களா? அதில் ஆயில் சுத்தமாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால் அவ்வளவு பயமில்லை. டிப்ஸ்டிக்கிலும் பால் டீ நிறம் என்றால் நீங்கள் செய்தது சரி. ஆனால் பால் வாங்கப் போன கதை மட்டும் வேண்டாம். முந்தின இரவே சொல்லியும் சூடாக்கி வைத்தால் அது மறைக்கத்தான்.

என் கதை சின்னது. ஒரு வண்டி வந்தது, சாவி போட்டால் எஞ்சின் லைட் எரியவே இல்லை. எரிந்து அணைய வேண்டும். மீட்டரைக் கழற்றினால் அந்த லைட்டுக்குப் பின்னால் கறுப்பு டேப்.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசான ஆவி சகஜம், குபுகுபு என்று தள்ளினால், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் காசு கொடுக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியை ஆறின எஞ்சினில் மட்டும் திறங்கள், முகம் முக்கியம். ஆயில் கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தால் சத்தத்தை அமுக்க எதையோ ஊற்றியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் என்னிடம் வந்த சென்னை வண்டிகளில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கோடு தெரிந்தது. தண்ணீர் குடித்த எஞ்சினில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தாலும் கொஞ்ச நாள் ஓடும். இன்சூரன்ஸில் க்ளெய்ம் எடுக்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள். வண்டியைப் பேர் மாற்றும் 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்காதீர்கள்.

மதுரை டீச்சர்:
விற்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள் மாதிரி பேசுகிறீர்களே. நானும் விற்றேன். ரிங் ரோட்டில் ஒருமுறை சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. சூட்டில் வளைந்த ஹெட்டைக் கழற்றி, லேத்தில் சமமாகச் சீவி ஃபேஸிங் செய்தோம். வந்த ஏழு பேரிடமும் பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் ஒரு பெரியவர் பில்லை முழுக்கப் படித்துவிட்டு, "இவ்வளவு சொல்றீங்கன்னா, சொல்லாதது எவ்வளவும்மா இருக்கும்?" என்றார். நான் கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்காரர் 40,000 குறைத்து எடுத்துக்கொண்டார். பத்தே நாளில் விளம்பரம்: "லேடி டாக்டர் ஓட்டிய வண்டி, எஞ்சின் வேலை எதுவும் இல்லை." என் பிள்ளையார் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

கரூர் டீசல்:
அண்ணே, கம்ப்ரஷன் டெஸ்ட் எனக்கும் தெரியும். அன்றைக்கு டார்ச், பழைய துணி எல்லாம் பையில் கொண்டுதான் போனேன். பையைத் திறக்கவே இல்லை.

டீச்சர், அந்த வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறதா? பில் உங்களிடம் இருக்கிறதா? தம்பிக்கு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.