அப்டேட்: லீவு நாள்ல டைஸ் போட்டு ஊர் சுத்தற விளையாட்டு, வழி கெடச்சிருச்சுங்க

ஈரோட்டுல பசங்களுக்குப் போரடிக்குது, டைஸ்ல வர்ற நம்பருக்கு எழுதி வெச்ச எடத்துக்குப் போலாம்னா புடிக்காதது வந்தா மறுபடி மறுபடி போடறாங்கன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க.

கைகொடுத்தது ரெண்டு டைஸ் போட்டுக் கூட்டச் சொன்ன அண்ணனோட யோசனைதான். மொத்தம் 36 விதத்துல 7 மட்டும் 6 விதமா வரும், 2ம் 12ம் ஒவ்வொரு விதந்தான், அதனால 7க்கு பக்கத்துல இருக்கற பவானி கூடுதுறை, 12க்கு கொடிவேரி அணைன்னு வெச்சோம். எதிர்பாக்காதது என்னன்னா, அபூர்வமா வர்றதால 12க்கு பசங்க அப்படி ஏங்கறாங்க! 3 வந்து சென்னிமலை 1320 படி ஏறுனப்பக் கூட சின்னவதான் முன்னாடி போனா. மறுபடி போடற பேச்சே இல்லீங்க.

கொடிவேரில தண்ணி அதிகமா வந்தா குளிக்க விடமாட்டாங்க, மாத்து எடம் ஒண்ணு எழுதி வெச்சுக்கங்க.