உலை தெர்மோகப்பிள் உறையின் சூடான முனை அப்படியே இருக்கிறது, சுவருக்குள் இருக்கும் பகுதி மட்டும் அரிக்கிறது. ஏன்?

கேள்வி:
கேஸ் கார்புரைசிங் உலை (எஃகின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றுவது), 925 டிகிரி செல்சியஸ், எண்டோகேஸுடன் (கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், நைட்ரஜன் கலந்த வாயு) கொஞ்சம் புரொப்பேன். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் உறை 310 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். உள்ளே நீட்டியிருக்கும் முனைக்கு ஒன்றும் ஆகவில்லை. செங்கல் சுவரைத் தாண்டும் இடத்தில் மட்டும் வட்ட வட்டமாகக் குழி விழுந்து ஓட்டையாகிறது. குழியில் கருப்புப் பொடி, காந்தத்தில் ஒட்டுகிறது. சூடு குறைந்த இடத்தில் எப்படி?

பதில் 1:
மெட்டல் டஸ்டிங், சார், அதாவது கார்பன் புகுந்து உலோகம் பொடியாவது. சுமார் 450 முதல் 800 டிகிரிக்குள் வருவது. உங்கள் சுவருக்குள் எங்கோ ஓரிடத்தில் அந்தச் சூடு இருந்தே தீரும். உலை வாயு அங்கே ஆறும்போது கார்பன் மோனாக்சைடு கரியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியப் பார்க்கும். போதாததற்கு, அந்தச் சூட்டில் குரோமியம் மேற்பரப்புக்கு மெதுவாகத்தான் வரும். உலோகத்தைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் ஓரிடத்தில் விட்டுப்போனால் சட்டென்று மூடாது. அதன் வழியே கார்பன் இறங்கி உலோகத்தையே பொடியாக்கும். உதிரும் இரும்பு, நிக்கல் துகள்களே மேலும் கரி படிய வினையூக்கி. காந்தத்தில் ஒட்டுவதும் அவைதான்.

முனை தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். அங்கே கார்பன் ஊறி, குரோமியம் கார்பைடாகிக்கொண்டிருக்கும். குழி விழாது, தட்டினால் முறியும்.

பதில் 2:
330 என்ற உலோகக் கலவைக்கு மாறுங்கள் என்று யாராவது சொல்வார்கள். நிக்கல் 35% இருப்பதால் கார்பன் ஊறுவது குறையும், சரி. ஆனால் குரோமியம் 19 சதவீதம்தான், 310-இல் 25. டஸ்டிங்குக்கு அதை நம்பாதீர்கள். 601 என்ற நிக்கல் கலவை கூடுதல் நாள் தாங்கும். அதில் குரோமியம் 23%, கொஞ்சம் அலுமினியமும் உண்டு. உறை மட்டும்தான் பிரச்சினை என்றால் அலுமினா செராமிக் குழாய் போட்டுவிடலாம். சூடான உலையில் சட்டென்று செருகினால் விரிசல் விடும், அங்குலம் அங்குலமாக இறக்குங்கள்.

அதற்கு முன்னால் சுவர்த் துளையைப் பாருங்கள். குழாயைச் சுற்றி இடைவெளி இருந்தால் வாயு அங்கேயே தேங்கும். செராமிக் ஃபைபர் திணித்தால் போதாது, அதற்குள்ளும் வாயு புகும். ஸ்லீவ் வைத்து வெளிப்பக்கம் இறுக்கமாக அடைத்து, மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் கொடுங்கள். கொடுத்த பிறகு கார்பன் பொட்டென்ஷியல் (உலை வாயு எஃகில் கார்பன் ஏற்றும் திறன்) இறங்குகிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
எத்திலீன் ஆலைகளில் கந்தகச் சேர்மம் செலுத்துவார்களே, இங்கே சரிவருமா? குழியை வெல்டிங்கில் அடைக்கலாமா?

பதில் 3:
இரண்டும் வேண்டாம். கந்தகம் மேற்பரப்பில் ஒட்டி கார்பன் நுழைவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் எண்டோகேஸ் ஜெனரேட்டருக்குள் போகும் வாயுவில் அது கலந்தால் அங்குள்ள நிக்கல் வினையூக்கி கெடும். கார்பன் ஊறிய உலோகத்தில் வெல்டிங் வைத்தால் ஓரத்திலேயே பிளக்கும், குழாயை மாற்றுங்கள். புதிதாகப் போடும் 310-ஐ, சுவருக்குள் வரும் நீளத்துக்கு மட்டும் கிரைண்ட் செய்து போடுங்கள். அமிலத்தில் கழுவிய மேற்பரப்பைவிட அது மேல்: தேய்த்த மேல்தோல் வழியே குரோமியம் சீக்கிரம் வெளியே வந்து படலம் கட்டும்.